மூச்சு கேட்பவள்

அவள் இன்னும் எந்த ஒலியையும் அனுப்பவில்லை. ஆனாலும் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்த பெரியவர் பொத்தானை அழுத்தினார்.

காதுகேள் கருவி விற்கும் கடை அது. வருகிறவர்களின் காதைச் சோதிப்பது அவள் வேலை. கடையின் பின்பக்கம் ஓர் ஆள் உட்காரும் அளவுக்கு ஒரு கூண்டு இருந்தது. உள்சுவர் முழுக்கச் சாம்பல் நிறப் பஞ்சு, கனமான கதவு, வெளியிலிருந்து பார்க்க ஒரு சின்னக் கண்ணாடி. உள்ளே போய் ஹெட்போனை மாட்டிக்கொள்ள வேண்டும். பீப் சத்தம் கேட்டால் கையிலிருக்கும் பொத்தானை அழுத்த வேண்டும். அவள் மேஜையில் பச்சை விளக்கு எரியும். கேட்காமலே அழுத்துகிறவர்களும் உண்டு. தனக்குக் காது நன்றாகத்தான் இருக்கிறது என்று மருமகளிடம் நிரூபிக்க வந்தவர்கள் குத்துமதிப்பாக அழுத்தித் தள்ளுவார்கள். இவரும் அந்த ரகம் என்று நினைத்து, வயதானவர்களிடம் பேசுகிறமாதிரி மைக்கில் கத்திச் சொன்னாள்.

"ஐயா, சத்தம் கேட்டா மட்டும் அழுத்துங்க. அவசரமே இல்ல."

"கேட்டுச்சும்மா. அதான் அழுத்தினேன்."

"நான் இன்னும் ஒண்ணும் போடலையே."

"பீப் இல்லம்மா. மூச்சு. யாரோ மேல்மூச்சு கீழ்மூச்சு வாங்குறாங்க. மூணு மாடி ஏறி வந்தவங்க மாதிரி." பெரியவர் தலையைத் திருப்பி முதுகுக்குப் பின்னாலிருந்த பஞ்சுச் சுவரைப் பார்த்தார். பிறகு அவளைப் பார்த்தார். "நீங்களா?"

அவள் சிரித்து மழுப்பிவிட்டுச் சோதனையைத் தொடர்ந்தாள். பீப் ஒலியைக் கூட்டினாள், இன்னும் கூட்டினாள், காதுக்குப் பக்கத்தில் பாத்திரம் விழுந்தால் கேட்கிற அளவுக்குக் கூட்டினாள். பச்சை விளக்கு எரியவே இல்லை. சோதனை முடிந்ததும் முடிவுத் தாளை எடுத்துப் பார்த்தாள். அந்த மனிதருக்கு இரண்டு காதும் ஏறக்குறைய போய்விட்டிருந்தது. அவள் மைக்கில் கத்தினால்தான் கேட்கும். மூச்சு கேட்க வழியே இல்லை.

அவர் போன பிறகு ஹெட்போனைத் துடைக்கக் கூண்டின் கதவைத் திறந்தாள். உள்ளே அடைபட்டிருந்த காற்று முகத்தில் மோதியது. பஞ்சின் வாசனைதான் வழக்கமாக வரும். இது வேறு. சூடேறிய பிளாஸ்டிக் குழாய், காய்ந்துபோன வாய், நெஞ்சில் தடவின தைலம். எங்கே முகர்ந்தாலும் அவளால் பெயர் சொல்ல முடிகிற வாசனை.

அம்மா இறந்து ஒரு மாதம் ஆகியிருந்தது.

மழைக்காலம் வந்தால் அம்மாவுக்கு ஆஸ்பத்திரி என்பது சில வருடங்களாகவே வழக்கமாகிவிட்டிருந்தது. முதலில் ஃபுளூ. அடுத்த வருடம் வாயில் நுழையாத பெயரில் வேறொரு வைரஸ். அது கைக்குழந்தைகளுக்கு வருவது என்றுதான் அவள் நினைத்திருந்தாள், வயதானவர்களையும் விட்டுவைக்காது என்று டாக்டர் சொன்னபோதுதான் தெரிந்தது. எல்லாம் ஒரே மாதிரிதான் ஆரம்பிக்கும். யாரோ ஒருவர் மூக்கைச் சிந்துவார். அவருக்கு இரண்டு மூன்று நாளில் சரியாகிவிடும். அதற்குள் அம்மா ஒரு வாக்கியத்தைப் பாதியில் நிறுத்தி மூச்சு எடுத்துக்கொள்ள ஆரம்பித்திருப்பாள். அப்புறம் ஆட்டோ, ஆக்சிஜன், நாற்காலியில் உட்கார்ந்தபடியே அவளுக்கு விடியும் நாட்கள். ஒவ்வொரு முறையும் ஆஸ்பத்திரி அம்மாவைத் திருப்பித் தந்தது, ஆனால் கொஞ்சத்தைத் தன்னிடம் வைத்துக்கொண்டுதான் தந்தது. கடைத்தெரு வரைக்கும் நடந்த அம்மா வாசல் வரைக்கும் என்று ஆனாள். பிறகு பின்னறையோடு நின்றுவிட்டாள்.

இந்த வருடம் மூக்கைச் சிந்தியவன் அண்ணன். வேறு ஊரில் டிராவல்ஸ் கம்பெனி மேனேஜராக இருக்கிறவன், ஏதோ வேலையாக இந்தப் பக்கம் வந்தவன், கண்ணெல்லாம் சிவந்து வாசலில் வந்து நின்றான். அம்மாகிட்டப் போகாதே, மாஸ்க் போடு என்று அவள் சொன்னதற்குச் சிரித்தான். "போடி, இது தூசி. உனக்கு எல்லாத்துக்கும் பயம்" என்று அம்மாவின் கன்னத்தோடு கன்னம் வைத்து ஒரு போட்டோ எடுத்துக்கொண்டான். அடுத்த வாரம் அம்மா ஆஸ்பத்திரியில் இருந்தாள்.

பெரியவர் கடைக்கு வந்துபோன அன்று மாலை அவள் வீட்டுக்கு வந்தபோது மழை பிடித்துக்கொண்டது. அவள் குடியிருந்தது தரைத்தளத்தில் ஒரு சின்ன வீடு. முன்னால் ஹால், ஒரு பக்கம் சமையலறை, உள்ளே அடுத்தடுத்து இரண்டு அறைகள். ஒன்று அவளுடையது, மற்றது அம்மாவின் பின்னறை. இரண்டுக்கும் நடுவில் ஒரே ஒரு சுவர். காதுதான் பிழைப்பு என்பதால் அந்த வீட்டின் ஒவ்வொரு சத்தமும் அவளுக்கு அத்துப்படி. ஃபிரிட்ஜ் நிற்கும்போது வருகிற உதறல், மாடி வீட்டுக்காரர்கள் நாற்காலியை இழுப்பது, குளியலறைக் குழாய் சொட்டுவது, காற்றடித்தால் ஜன்னல் கொக்கி தட்டுவது எல்லாம் தெரியும். அவள் கட்டிலில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகக் கழித்துக்கொண்டே வந்தாள். கடைசியில் ஒன்று மிஞ்சியது.

ஒரு மூச்சு உள்ளே போனது. வெகுநேரம் ஒன்றுமில்லை. பிறகு அது வெளியே வந்தது, செருப்பின் ஒட்டுப்பட்டையை மெல்லப் பிரிப்பதுபோல் ஒரு கரகரப்போடு. நீர் கோத்த நெஞ்சின் சத்தம் அது. மறுபடி உள்ளே. சுவருக்கு அந்தப் பக்கம், அவள் தலைமாட்டின் உயரத்தில்.

எழுந்து போய்ப் பின்னறைக் கதவைத் திறந்தாள். விளக்கைப் போட்டாள். கட்டில், சுருட்டி வைத்த மெத்தை, ஜன்னலோரம் ஸ்டூல். யாரும் இல்லை. மூச்சும் நின்றிருந்தது. ஆனால் பயம் தெளிந்தால் உடம்பு தளருமே, அது நடக்கவில்லை. நெஞ்சு இறுகியது. எவ்வளவு இழுத்தாலும் காற்று கழுத்துக்குக் கீழே இறங்கவில்லை. யாரோ அவளுக்கு முன்பாகவே அந்த அறையின் காற்றை இழுத்துக்கொள்கிறார்கள். அவளுக்கு மிச்சம்தான் வருகிறது. விரலில் மாட்டி ஆக்சிஜன் பார்க்கும் அம்மாவின் கருவி ஸ்டூல் மேலேயே கிடந்தது. ஏன் என்று தெரியாமல் எடுத்து மாட்டிக்கொண்டாள். சிவப்பு எண்கள் துடித்தன. தொண்ணூறு. எண்பத்தெட்டு. எண்பத்து நான்கு.

அவள் வாசலுக்கு ஓடினாள். மழைச் சாரலில் நின்று இரண்டு இழுப்பு இழுத்த பிறகு பார்த்தால் தொண்ணூற்றெட்டு.

அதற்குப் பிறகு அவள் பின்னறையைப் பூட்டி வைத்தாள். பூட்டினால் என்ன? கடைக்கும் அது வந்தது. மைக்கில் "பால் என்று சொல்லுங்க, பல் என்று சொல்லுங்க" என்று வார்த்தைகளை வாசிக்கும்போது இரண்டு வார்த்தைகளுக்கு நடுவில் யாரோ காத்திருப்பதுபோல் இருந்தது. பார்க்க வந்த தோழி, "உன் வீட்ல காத்தே இல்லடி, ஜன்னலைத் திறந்து வை" என்று சொல்லி பாதிப் பேச்சில் எழுந்து போனாள். எல்லா ஜன்னலும் திறந்துதான் இருந்தது.

அவள் யாரிடமும் சொல்லாத ஒன்று இருந்தது. ஆஸ்பத்திரியில் ஆறு நாள் நாற்காலியிலேயே கிடந்த பிறகு அண்ணன் வந்து, "நீ வீட்டுக்குப் போய்ப் படு, மூஞ்சியைப் பாரு, நான் பாத்துக்கறேன்" என்றான். அவளுக்கு அழுகை வந்தது, அவ்வளவு நன்றி. வீட்டுக்கு வந்தவள் ஈரத் தலையோடு படுத்தாள், பிணம்போல் தூங்கினாள். எழுந்தபோது வெளிச்சம் மங்கியிருந்தது, ஹாலில் டிவி அலறிக்கொண்டிருந்தது, சோபாவில் அண்ணன். "கூட்டிட்டு வந்துட்டேன். வீட்டுக்குப் போகணும்னு அம்மாவே கேட்டாங்க. இப்பதான் அடங்கிச்சு. நீ தூங்கிட்டிருந்த, எழுப்ப மனசு வரல." அம்மாவின் உடம்பைத் துடைத்தது அவள்தான். கையைப் பிரித்துத் துடைத்தபோது நகக்கண்களில் நீல நிறம் இருந்தது. பின்னறைச் சுவரின் சாயம். கட்டிலோரச் சுவரில், அவள் தலையணைக்கு நேர் மறுபக்கம், புதிதாக ஒரு பிராண்டல் இருந்தது.

அம்மா கூப்பிட்டிருக்கிறாள். கூப்பிடக் குரல் இல்லாமல் சுவரைப் பிராண்டியிருக்கிறாள். அவள் அரை அடிக்கு இந்தப் பக்கம் தூங்கிக்கொண்டிருந்தாள்.

வேறு யாரிடம் கேட்பது? அண்ணனுக்கு போன் செய்தாள்.

"அண்ணா, அன்னிக்கு அம்மா என்ன சொன்னாங்க? சரியா சொல்லு."

"மறுபடியும் ஆரம்பிச்சிட்டியா? எத்தனை தடவை சொல்றது. போதும்டா, வீட்டுக்குப் போலாம்னாங்க. நிம்மதியாப் போனாங்க."

"நிம்மதியா?"

"ஆமா. நீயும் கொஞ்சம் நிம்மதியா இரேன்." நிறுத்தினான். "ஏய், யாரு அங்க இருமுறது? உனக்குச் சளியா?"

அவள் இருமவில்லை.

"காது டாக்டர், லைன்ல இருக்கியா?" அவளை அவன் கேலியாகக் கூப்பிடுவது அப்படித்தான். "டாக்டரப் பாரு. சளிய வளர விடாத, ஆமா."

மறுநாள் மதியம் கடைக்கு லீவு சொல்லிவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போனாள். அம்மாவின் பல்செட்டை விட்டுவிட்டு வந்ததாக ஒரு சாக்கு. வார்டு வழிந்துகொண்டிருந்தது. உள்ளே இடமில்லாமல் நடைபாதையின் ஒரு பக்கம் முழுக்கக் கட்டில்கள். எல்லாவற்றிலும் நரைத்த தலைகள். முதுகுக்குத் தலையணை கொடுத்து உட்காரவைக்கப்பட்டவர்கள், வாய் திறந்து, கண்ணைக் கூரையில் வைத்து, ஒவ்வொரு மூச்சையும் கிணற்றிலிருந்து இறைப்பதுபோல் இறைத்துக்கொண்டிருந்தார்கள். ஒவ்வொரு கட்டிலின் காலடியிலும் ஒரு மகளோ மருமகளோ மகனோ, தூங்கி வழிந்துகொண்டு. "சீசன் வந்தா இதே கதைதான்" என்றாள் நர்ஸ், அந்த ஆறு நாளும் அவளோடு டீயைப் பங்கு போட்டுக் குடித்தவள். "வீட்ல சின்னவங்க தும்முறாங்க, பெரியவங்க இங்க வந்து விழுறாங்க. பல்செட்லாம் எங்க போச்சோ. உங்கம்மா எப்படி இருக்காங்க?"

"இறந்துட்டாங்க. அன்னிக்கே."

நர்ஸ் கையிலிருந்த குழாயைக் கீழே வைத்தாள். "அடக் கடவுளே. நல்லாத் தேறிட்டிருந்தாங்களே. இன்னும் ஒரு வாரத்துல ஆக்சிஜனையே எடுத்துடலாம்னு டாக்டர் சொன்னாரு. உங்க அண்ணன்தான், வீட்ல எல்லாரும் முடிவு பண்ணியாச்சு, லீவு முடிஞ்சிருச்சு, வருஷா வருஷம் இதே பாடா இருக்குன்னு கையெழுத்துப் போட்டுட்டாரு."

"அம்மாவே வீட்டுக்குப் போகணும்னு கேட்டாங்கன்னு..."

"யாரு? உங்கம்மாவா?" நர்ஸ் அவளை ஒரு மாதிரி பார்த்தாள். "கட்டில் கம்பியைப் பிடிச்சவங்க விடல. தலையை இப்படி இப்படி ஆட்டுறாங்க, மாஸ்க்குக்குள்ள என்னமோ சொல்றாங்க. உங்க அண்ணன் குனிஞ்சு, விரலை ஒவ்வொண்ணா எடுத்துவிட்டாரு. பொறுமையாத்தான் எடுத்தாரு. அதான் எனக்கு இன்னும் கண்ணுக்குள்ளயே நிக்குது."

வெளியே வந்து படியில் உட்கார்ந்தாள். அவளுக்கு அழுகை வரவில்லை. ஒரு மாதமாக வயிற்றில் உருண்டுகொண்டிருந்த பயம் மெல்லத் திரும்பி, வேறொரு பக்கம் பார்த்து உட்கார்ந்ததை அவளால் உணர முடிந்தது. நானில்லை. அம்மா என்னைத் தேடி வரவில்லை. மனசுக்குள் அதைச் சொல்லிப் பார்த்தபோது ஒரு சூடு பரவியது, குளிரில் குடித்த முதல் மிடறு டீயைப்போல. அவனுடைய கை. அவனுடைய பொறுமை.

வீட்டுக்கு வந்ததும் பின்னறையின் பூட்டைத் திறந்தாள். மழை மூட்டத்தில் அறை நீலமாக இருந்தது. மெத்தையை விரித்து அதன் ஓரத்தில் உட்கார்ந்தாள்.

"அம்மா."

ஒன்றுமில்லை. பிறகு தைல வாசனை. பிறகு அவளுக்கு மிக அருகில் மெத்தை அமுங்கியது. காது மடலில் ஈரச் சூடு. நெஞ்சு இறுகத் தொடங்கியது, அவள் அசையவில்லை.

"எனக்குத் தெரியாதும்மா. இன்னிக்குத்தான் தெரியும். சத்தியமா."

மூச்சு உள்ளே போனது. நெடுநேரம். அது வெளியே வந்தபோது அதன் முனையில் ஒரு ஒலி ஒட்டிக்கொண்டு வந்தது. வார்த்தை இல்லை, வார்த்தையின் தொடக்கம்.

"எங்..."

காற்று தீர்ந்துவிட்டது. மறுபடி இழுப்பு. மறுபடி அதே இடத்தில் அறுந்தது. "எங்..."

"எங்க? அவன் எங்கன்னு கேக்கறியா?" அவளுக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. "ஊர்ல இருக்கான்மா. நல்லா மூச்சு விட்டுக்கிட்டு இருக்கான்."

"எங்..."

"வரச் சொல்றேன். உன்கிட்டயே வரச் சொல்றேன்."

அண்ணனை வரவழைப்பது சுலபமாக இருந்தது. வீட்டைக் காலி பண்ணப்போகிறேன், அம்மா சாமானில் உனக்கு வேண்டியதைப் பார்த்து எடுத்துக்கொள் என்றாள். குரலில் ஒரு பிசிறுகூட இல்லை. அவன் வருகிற ஞாயிற்றுக்கிழமையே வருகிறேன் என்றான். போனை வைத்துவிட்டு பின்னறையைப் பெருக்கினாள், துவைத்த விரிப்பை இழுத்துப் போட்டாள், தலையணையை இரண்டு தட்டு தட்டினாள். ஜன்னல்களைச் சாத்திக் கொக்கி மாட்டினாள். பாட்டுக்கூட முணுமுணுத்தாள். அந்த வாரம் முழுக்க வீட்டில் மூச்சு கேட்கவில்லை. ஏதோ ஒன்று அடக்கிக்கொண்டு காத்திருந்தது.

அவன் மழையோடு வந்தான். குடையை உதறி, "என்ன காது டாக்டர், பென்சில் மாதிரி ஆயிட்ட" என்று அவள் தலையில் ஒரு தட்டு தட்டினான். தட்டு நிறையச் சோறு போட்டுக்கொண்டான். ஆபீஸில் ஒருத்தன் லீவு கேட்க ஒரே மாமாவை இரண்டு தடவை சாகடித்த கதையைச் சொல்லிச் சிரித்தான். அவளும் சிரித்தாள். எவ்வளவு ஆழமாக மூச்சு விடுகிறான் என்று பார்த்துக்கொண்டே சிரித்தாள். நல்ல அகலமான நெஞ்சு.

"அம்மா கம்பியைப் பிடிச்சாங்களாமே" என்றாள்.

அவன் சாப்பிடுவதை நிறுத்தினான். "யாரு சொன்னா?"

"பிடிச்சாங்களா?"

"பிடிச்சாங்க." தட்டையே பார்த்தான். "நீ பெரிய தியாகி மாதிரி பாக்காத. ஆறு நாள் நாற்காலில கிடந்த. போன வருஷம் பத்து நாள். அதுக்கு முந்தின வருஷம் வேற. கல்யாணப் பேச்சு வந்தா அம்மாவ யாரு பாத்துப்பான்னு அதையும் தட்டிவிட்ட. இன்னும் எத்தனை மழைக்காலம்? நான் எனக்காக மட்டுமா பண்ணேன்?" நிமிர்ந்தான், கண் கலங்கியிருந்தது. "அன்னிக்குத் தூங்கி எந்திரிச்சப்போ, ஒரு செகண்ட், உனக்கு நிம்மதியா இல்ல? நெஞ்சத் தொட்டுச் சொல்லு."

அவள் நெஞ்சைத் தொடவில்லை. தட்டை எடுத்துக்கொண்டு போய்க் கழுவினாள். அவன் சொன்னது பொய்யாக இருந்திருந்தால் ஒருவேளை அவனை அப்படியே ஊருக்கு அனுப்பியிருப்பாள்.

"டிராவல் அலுப்பா இருக்கும். உள்ள போய் ஒரு தூக்கம் போடு" என்றாள்.

"அந்த ரூம்லயா?"

"ஏன், பயமா?"

"போடி" என்று சிரித்துவிட்டு எழுந்தான். கொட்டாவி விட்டுக்கொண்டே போனான். கதவை அவள்தான் சாத்தினாள்.

தன் அறைக்கு வந்து கட்டிலில் ஏறி, சுவரில் காதை வைத்துக்கொண்டாள். சுவர் சில்லென்று இருந்தது. கேட்பதுதானே அவள் தொழில். கட்டில் கிறீச்சிட்டது. போனில் ஏதோ வீடியோவின் சிரிப்பொலி, அது நின்றது. கொஞ்ச நேரத்தில் குறட்டை. கொழுத்த, கவலையில்லாத குறட்டை. ஜன்னலுக்கு வெளியே மழை ஒரே சீராகப் பெய்தது. தெருவில் ஒரு ஸ்கூட்டர் போயிற்று.

பிறகு இரண்டாவது மூச்சு.

முதலில் இரண்டும் தனித்தனியாகப் போயின. அவனுடையது பெரிது. அதன் அடியில் அந்தக் கரகரப்பு. பிறகு இரண்டும் முறை வைத்துக்கொண்டன. அது இழுக்கும்போது இவன் விட்டான். இவன் இழுக்கப் போகும்போது அது இன்னும் இழுத்துக்கொண்டிருந்தது. குறட்டை அறுந்தது. ஒரு திணறல். கட்டில் பலமாகக் கிறீச்சிட்டது.

"ஏய்."

அவள் அசையவில்லை.

"ஏய்... ஜன்னல்..."

எழுந்திருக்கப் பார்க்கிறான். முடியவில்லை. குதிகால் மெத்தையில் உதைக்கிறது. தப். தப். அவள் கண்ணை மூடிக்கொண்டாள். தலையணையை மடியில் வைத்து இறுக்கிக்கொண்டாள். வாய் மெல்ல அசைந்தது. ஒவ்வொரு விரலா, அம்மா. பொறுமையா. ஒவ்வொரு விரலா. இத்தனை வருடத்தில் இவ்வளவு சந்தோஷமாக ஒரு வேண்டுதலை அவள் சொன்னதே இல்லை.

சுவரில் தட்டினான். ஒருமுறை. பிறகு உள்ளங்கை சுவரில் வழுக்கி இறங்கும் சத்தம்.

அமைதி.

மழை.

அவள் காதை எடுக்கவில்லை. முடிந்தது என்று நினைத்தாள். போய்விட்டாள் அம்மா, வந்த வேலை முடிந்தது, இனி வீட்டில் காற்று இருக்கும். ஆழமாக ஒரு மூச்சு எடுத்தாள்.

சுவருக்கு அந்தப் பக்கமும் ஒரு மூச்சு எடுக்கப்பட்டது. கரகரப்பு இல்லை. தடை இல்லை. அகலமான நெஞ்சு நிறைய, கடைசி மூலை வரைக்கும் நிறைய. அது வெளியே வந்தபோது ஒரு முழு வார்த்தையைத் தாங்கிக்கொண்டு வந்தது. குரல் ஆணுடையது. இழுவை அம்மாவுடையது.

"எந்திரி."

எங் அல்ல.

எந்.

எங்கே என்று அம்மா கேட்கவே இல்லை. அன்று சுவரைப் பிராண்டிக்கொண்டு, ஒரு மூச்சுக்கு ஓர் எழுத்தாக, சொல்ல முயன்றது இதைத்தான். அவனிடம் இல்லை. இந்தப் பக்கம் தூங்கிக்கொண்டிருந்தவளிடம். எழுத்து எழுத்தாகப் பிறர் காதைச் சோதிக்கிறவள், தனக்கு வேண்டியதைக் கேட்டுக்கொண்டாள்.

"எந்திரிடி."

பின்னறைக் கட்டில் கிறீச்சிட்டது. கால்கள் தரையில் இறங்கின. நடை. இடது காலை லேசாக இழுத்து வைக்கிற, அம்மாவின் நடை. கதவு திறந்தது.

அவள் எழ நினைத்தாள். உடம்பு எழவில்லை. அன்றைய தூக்கம் முழுக்க ஒரே நேரத்தில் கை காலில் வந்து உட்கார்ந்துகொண்டதுபோல் கனத்தது. நாக்கு அண்ணத்தில் ஒட்டியிருந்தது. அறைவாசலில் அண்ணன் நின்றான். அண்ணனின் சட்டை, அண்ணனின் மீசை, கன்னத்தில் தலையணை மடிப்பின் தடம். முகம் நல்ல சிவப்பாக, ஆரோக்கியமாக இருந்தது. தலை மட்டும் ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தது, அம்மா கதவருகே நின்று பார்க்கும்போது சாய்கிறமாதிரி.

வந்தது. கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தது. காய்ச்சல் பார்ப்பதுபோல் அவள் நெற்றியில் உள்ளங்கையை வைத்தது. நகக்கண்களில் நீலம்.

"தூங்கினது போதும்."

அன்பாகத்தான் சொன்னது. அதுதான் தாங்க முடியவில்லை. அவள் வாயைத் திறந்தாள். அம்மா என்று சொல்ல. அவன்தான் என்று சொல்ல. சொல்லக் காற்று இல்லை.

அது அவள் முகத்தருகே குனிந்தது. கன்னத்தோடு கன்னம் வைத்தது. மெல்ல வாயைத் திறந்து மூச்சை இழுத்தது.

ஜன்னல் திரை உள்பக்கமாக வளைந்தது. காலண்டரின் தாள்கள் சுவரைவிட்டு எழுந்து அதன் பக்கம் நீண்டன. அவள் கூந்தல் கன்னத்தைத் தாண்டி அந்த வாயை நோக்கிப் போயிற்று. வெளியே மழையின் சத்தம் சன்னமாகிக்கொண்டே வந்தது, யாரோ ஒலியைக் குறைப்பதுபோல். அதன் நெஞ்சு விரிந்தது. இன்னும் விரிந்தது. சட்டையின் பொத்தான்கள் ஒவ்வொன்றாகத் தெறித்துத் தரையில் உருண்டன. அது இழுத்தது. இழுத்துக்கொண்டே இருந்தது.